ஒழுகாத கூரை

மூன்று வருடங்களுக்கு முன், புரட்டாதி மாதக் கடைசியில், கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரத்தில் நடந்தது இது. ஜேர்மனிக்கு வந்த பிறகு நான் நான்கு ஊர் மாறியிருந்தேன். அப்போது, தோட்ட வேலை எடுத்துச் செய்யும் எங்கள் நாட்டு அண்ணை ஒருவரின் நிலவறையில் படுத்தேன். வேலை இல்லாத நாளில் பேச ஆளில்லை.

அன்று அவர் என்னை ஒரு யூத ஜெப ஆலயத்துக்குக் கூட்டிப் போனார். வாசலில் நின்ற பொலிஸ் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தது. அங்கே தொழ வருகிறவர்களைக் காக்கத்தான் பொலிஸ், என்னைப் பிடிக்க அல்ல என்று அண்ணை சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைத்தேன்.

முற்றத்தில் ஒரு முதியவர் நின்றார். உக்ரேனிலிருந்து வந்தவர். அவருடைய ஜேர்மன் மொழியும் என்னுடையதைப் போல உடைந்ததுதான். எகிப்தை விட்டு வெளியேறிய முன்னோர் பாலைவனத்தில் அலைந்ததை நினைத்து, யூதர்கள் வருடத்தில் ஒரு வாரம் குடிசையில் இருந்து சாப்பிடுவார்களாம். வழக்கமாகக் குடிசை போடுவது அவர்தான். இந்த முறை தோள் நோவால் கையைத் தூக்க முடியவில்லை. விட்டுவிடுவோம் என்று மற்றவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. சூரியன் மறைந்தால் திருநாள் தொடங்கிவிடும், பிறகு ஒரு கிளையைக்கூடத் தொடக்கூடாது என்றார்.

அண்ணை குடிசை வேலையை என்னிடம் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வேலை குடிசை போடுவதுதான். வன்னியில் போரால் இடம்பெயர்ந்த காலத்தில் எத்தனையோ போட்டோம். ஊசியிலைக் கிளைகளை நுனி கீழே பார்க்க, ஒன்றின்மேல் ஒன்று ஏற அடுக்கினேன். கிளைகளுக்கு அடியில் மழை இறங்காத தறப்பாள் விரிப்பு ஒன்றையும் கட்டினேன். பிறகு தண்ணீர்க் குழாயை மேலே பிடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

முதியவர் உள்ளே வந்து நிமிர்ந்து பார்த்தார். இது கூடாது என்றார். எனக்கு விளங்கவில்லை, கோபம்தான் வந்தது. அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து முதியவரிடம் கொடுத்தேன். அவரோடு பேசிவிட்டு அண்ணை என்னிடம் சிரித்தார்.

"நீ திறமாத்தான் கட்டியிருக்கிறாய். ஆனா அவைக்கு உள்ளுக்க இருந்தா நட்சத்திரம் தெரிய வேணுமாம். தறப்பாளை இழு."

"மழை வந்தா?"

"நனையினமாம். உனக்கென்ன, கழட்டு ராசா, வெயில் இறங்குது."

தறப்பாளையும் பாதிக் கிளைகளையும் கழற்றினேன். முதியவர் ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிளைகளை வாங்கினார். வெளிச்சம் போகுமுன் கூரை ஓட்டையாக நின்றது. நான் போட்டதிலேயே மோசமான குடிசை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

என்னையும் சாப்பிட இருத்தினார். வயதானவர்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் ரஷ்ய மொழியில் பேசினார்கள். பாதியில் தூறல் தொடங்கியது. மழை சூப்பைக் கெடுத்தால் உள்ளே போகலாம் என்று அவர்களுக்கு விதி உண்டாம். கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி கட்டடத்துக்குள் போய்விட்டார்கள். என்னை வா என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் அப்படியே இருந்தேன். வானம் தெரிகிற ஓட்டையைக் கண்டால் பயந்து அடைத்தே பழகியவன் நான். எங்கள் ஊரில் வானத்திலிருந்து விழுந்தது மழை மட்டுமல்ல.

முதியவர் திரும்பி வந்து எதிரே இருந்தார். நனைந்தபடியே கேட்டார். "தறப்பாள் போட எங்கே பழகினாய்?"

முகாம்களில் என்றேன். எத்தனை வருடம் என்று அவர் கேட்கவில்லை. எழுந்து என் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"நீ குடிசையில் இருந்தது போதும். உள்ளே வா."

அதன் பிறகு இரண்டு ஊர் மாறிவிட்டேன். எத்தனையோ கதவுகளில் என் அட்டையைக் கேட்டிருக்கிறார்கள். எங்கே பழகினாய் என்று கேட்டுவிட்டு உள்ளே கூப்பிட்டது அந்த ஒரு கதவுதான் என்பதை, மழை பெய்யும்போதெல்லாம் தனியே படுத்திருந்து நினைத்துக்கொள்கிறேன்.