இடப்பக்க வயிறு

மாட்டை நிற்கவைத்தே அறுவை செய்ய ஒரு மயக்க ஊசி உண்டு. துளி கூடினாலும் படுத்துவிடும். எனக்கு அது நின்றபடியே தூங்கி வழிய வேண்டும். தலை தொங்கலாம், எச்சில் ஒழுகலாம், கால் மட்டும் மடங்கக் கூடாது. அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். நிறைந்த வயிற்றோடு மயங்கினால் உள்ளே இருப்பது தொண்டைக்கு ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். இருபது வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

அண்ணாகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. புருஷன், பெண்டாட்டி, ஒரே ஒரு கறவை மாடு. அதன் பாலில்தான் வீடு ஓடியது. மாட்டின் கொம்புக்குள் புற்றுநோய் வந்திருந்தது; அடியோடு எடுக்காவிட்டால் மண்டைக்குள் இறங்கிவிடும். முந்தின நாளே போய், "நாளைக்கு இந்நேரம் வர்றேன், அதுவரைக்கும் தீனி போடாதீங்க" என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறியவள். வழியிலேயே இரண்டு இடத்தில் மாட்டுப் பிரசவம் பார்த்து, தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. மூன்று மணிக்கு மஞ்சக்குப்பத்தில் மீட்டிங் வேறு. போதும்டா சாமி என்றுதான் அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"தீனி போட்டீங்களா?"

"ஒரு வாய்கூட போடலங்க" என்றார் அவர். அந்த அம்மா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

வழக்கம்போல இடப்பக்க வயிற்றில் கை வைத்தேன். பட்டினி கிடந்த மாட்டுக்கு அங்கே குழி விழுந்திருக்கும். இதற்குக் குழி இல்லை. கை மெத்தென்று பதிந்தது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். இன்றைக்கு விட்டால் இன்னொரு நாள், இன்னொரு அலைச்சல். உப்புசம் இல்லையே, என்ன ஆகிவிடப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஊசியைப் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் தலை தொங்கியது. கொம்படியில் மரத்துப்போகிற ஊசியையும் போட்டு, கம்பி ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தேன். பாதி அறுத்திருப்பேன், முன்னங்கால் மடங்கியது. மாடு முட்டிபோட்டு ஒரு பக்கமாகச் சரிந்தது. மூக்கிலும் வாயிலும் வெள்ளையாகத் தண்ணீரும் சோறும் கொட்டின.

"என்னத்த குடுத்தீங்க?" என்று கத்தினேன்.

"தீனி போடல டாக்டரம்மா" என்றாள் அந்த அம்மா. "கழனித்தண்ணி மட்டுந்தான். காலையிலேர்ந்து கத்திக்கினே இருந்துச்சு. தண்ணிதானேன்னு ஊத்துனேன்."

அரிசி கழுவிய தண்ணீர், அதில் பழைய சோறு, ஒரு கை தவிடு. எங்கள் பக்கம் யாரும் அதைத் தீனிக் கணக்கில் சேர்ப்பதில்லை. சர்க்கரை டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், நானே காபி குடித்துவிட்டுப் போய் 'காபிதானே' என்று சொல்கிற ஆள்தான்.

நானும் அவரும் மாட்டின் தலையைத் தாழ்த்திப் பிடித்து வாயை வழித்தோம். மயக்கத்தை முறிக்கிற ஊசி போட்டு எழுப்பினேன். ஒருவழியாகக் கொம்பையும் எடுத்து முடித்தேன். எந்த மீட்டிங்குக்காக அவசரப்பட்டேனோ, அதற்குப் போகவே இல்லை.

அடுத்த மூன்று நாளும் போய் ஊசி போட்டேன். நுரையீரலுக்குள் கழனித்தண்ணி போனதில் வந்த காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாடு வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. நான்காம் நாள் பஸ்ஸில் போகும்போது, அந்த அம்மாவை என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். ஒரு வார்த்தை, கழனித்தண்ணி ஊத்துனேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊசியையே எடுத்திருக்க மாட்டேனே.

நான் போவதற்குள் மாடு செத்துவிட்டது. அவள் காலிக் கழனித்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள்.

"அன்னிக்கே சொல்லியிருப்பேன் டாக்டரம்மா. நீங்க வயித்துல கை வச்சீங்க. கண்டுபுடிச்சிட்டாங்க, இப்ப திட்டுவாங்கன்னு உங்க மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தேன். நீங்க ஒன்னும் சொல்லல. சரி, பரவால்ல போலிருக்குன்னு நானும் கம்முனு இருந்துட்டேன்."