இரண்டு முட்லூர்

2008 பிப்ரவரி 2, சனிக்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்து பால் வாங்கி வந்து அடுப்பில் வைத்தேன். அது காய்வதற்குள் கூடத்தில் இருந்த இரண்டு சைக்கிள்களையும் வாசலுக்குக் கொண்டுவந்து, செயினில் எண்ணெய் விட்டு, மிச்சத்தைப் பழைய பனியனால் துடைத்தேன். மனைவி புளிசாதத்தை இரண்டு டப்பாக்களில் அடைத்தாள். தயிர்சாதம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். பத்து மணி வெயிலுக்குத் தாங்காது. காபி குடித்து, கேஸ் மூடியதை இரண்டு முறை பார்த்து, கதவைப் பூட்டினேன்.

2004 முதல் எனக்கு இந்தப் பழக்கம். அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. வாரம் முழுக்க நாற்காலி. விடுமுறை நாளில் கடலூரைச் சுற்றி லாரி வராத சாலைகளாகப் பார்த்து சைக்கிளில் போவேன். எந்தச் சாலையில் காலையில் புளியமர நிழல் எந்தப் பக்கம் விழும், எந்த ஊர் நாய் எதுவரை துரத்தும், அறுவடைக் காலத்தில் எங்கே வைக்கோலைத் தாரில் பரப்புவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சொந்த ஊர் பண்ருட்டி என்றாலும், இந்தக் கடற்கரைப் பக்கத்துச் சாலைகளை இங்கேயே பிறந்தவர்களை விட நன்றாக அறிந்தவன் என்றுதான் நினைத்திருந்தேன்.

மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். பிறந்த வீடு சிதம்பரம். முந்தின வருடம் தனக்கென்று ஒரு சைக்கிள் வாங்கினாள். சிதம்பரம் வரை, அம்மா வீட்டு வாசல் வரை, தானே ஓட்டிப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்று சொல்வது கூடக் குறைவுதான். நடுவில் மழைக்காலத்தில் வலது முட்டி வலிக்க ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "முடிஞ்ச வரைக்கும் ஓட்டுங்கம்மா" என்றார். முடிகிற தூரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். எவ்வளவு முடியுமோ அவ்வளவும் ஓட்டச் சொல்கிறார் என்று அவள் புரிந்துகொண்டாள். இரண்டு மாதம் இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே வீட்டில் பேச்சு நடந்தது.

கடைசியில் நான் ஒரு ஏற்பாடு சொன்னேன். முட்லூர் வரை அவள் ஓட்டலாம். அங்கே அவள் தம்பி தன்னுடைய குட்டியானை லோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான். அவளையும் அவள் சைக்கிளையும் ஏற்றிக்கொள்வான். நான் மட்டும் மீதியை ஓட்டி வருவேன். மச்சான் சிதம்பரத்தில் தண்ணீர் கேன் போடுகிறவன். வண்டி சொந்த வண்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே அவனுக்கு போன் செய்தாள். "பத்து மணிக்கு முட்லூர்ல வந்து நில்லுடா. மாமா சொல்றாங்க." பக்கத்தில் நின்று கேட்டேன். சரியாகத்தான் சொன்னாள்.

செம்மங்குப்பம் வரை நல்ல வழி என்று எதுவும் கிடையாது. ரசாயன வாடையையும் டேங்கர் லாரிகளையும் சகித்துக்கொண்டு நேராகப் போக வேண்டியதுதான். விடியும்போதே அதைத் தாண்டிவிட்டோம். புதுச்சத்திரத்துக்கு அப்புறம் இடது பக்கம் கடலை நோக்கித் திரும்பியதும் சத்தம் விட்டுப்போனது. சவுக்குத் தோப்பு, பூத்திருந்த முந்திரி, சுனாமிக்குப் பிறகு கட்டிய ஒரே மாதிரி வீடுகளின் வரிசை. சாமியார்பேட்டையில் மீன்கூடைகளோடு ஆட்டோவுக்கு நின்ற பெண்கள் மனைவியைப் பார்த்து, "எங்க டீச்சரம்மா, பஸ்ஸைத் தவற விட்டுட்டியா?" என்று கேட்டார்கள். "பஸ்தான் என்னைத் தவற விட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டே அவள் போனாள். டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

பரங்கிப்பேட்டையில் வேகத்தைக் குறைத்தோம். டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கப்பலில் வந்தவர்களெல்லாம் இருந்துவிட்டுப் போன ஊர். உப்புக் காற்றில் அரித்த சுவர்களுக்கு நடுவே தெருக்கள் சைக்கிளுக்கென்றே அளந்து விட்டதுபோல் இருக்கும். ஹல்வா கடை வாசலில் புளிசாதத்தைச் சாப்பிட்டோம். "வலிக்குதா?" என்று கேட்டேன். "கேக்காம இருந்தா வலிக்காது" என்றாள்.

அங்கிருந்து மேற்கே முட்லூர். குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். கூட்டுரோட்டில் குட்டியானையைக் காணோம். டீக்கடை நிழலில் நின்று மச்சானுக்கு போன் போட்டேன்.

"எங்க இருக்க மச்சான்?"

"முட்லூர்ல மாமா. நீங்க எங்க?"

"நானும் முட்லூர்லதான் நிக்கிறேன். உன்னைக் காணோமே."

"நல்லா பாருங்க மாமா. காலேஜ் வாசல்லதான் நிக்கிறேன். அரை மணியா நிக்கிறேன்."

"இங்க ஏதுடா காலேஜ்?"

டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "சார், உங்களுக்கு எந்த முட்லூர் வேணும்? இது பி.முட்லூரு. காலேஜ் இருக்கறது சி.முட்லூரு. ஆத்துக்கு அந்தப் பக்கம்."

பி என்றால் புவனகிரி, சி என்றால் சிதம்பரம். கடலூர்ப் பக்கத்தில் முட்லூர் என்றால் இதுதான். சிதம்பரத்துக்காரர்களுக்கு முட்லூர் என்றால் அதுதான். இனிஷியலைச் சேர்த்துச் சொல்கிற வழக்கம் இரண்டு பக்கத்திலும் இல்லை. நடுவில் வெள்ளாறு. இரண்டு ஊரையும் நேராகச் சேர்க்கிற இப்போதைய பாலம் அன்றைக்கு இல்லை. குட்டியானை இங்கே வர வேண்டுமானால் சிதம்பரத்தைத் தொட்டு, புவனகிரி சுற்றித்தான் வர வேண்டும்.

"அங்கேயே உக்காருங்க மாமா, வந்துடறேன்" என்றான் மச்சான்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். மனைவி உட்காரவில்லை. "அவன் புவனகிரி வழியாத்தானே வரணும்? நாமளும் அந்தப் பக்கம் போனா எதிர்லயே வந்துடுவான். இங்க உக்காந்தா கால் பிடிச்சுக்கும்" என்றாள். அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. கிளம்பினோம்.

புவனகிரி சாலையில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். செயினில் சிக்காமல் ஓரமாகப் போகும் விதத்தை அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவன், நடுவில் நிறுத்தினேன். ஒன்று தோன்றியது.

"நீ சிதம்பரத்துக்காரிதானே? ரெண்டு முட்லூர் இருக்கறது உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீங்க என்ன சொன்னீங்களோ அதையே சொன்னேன். மாத்தியா சொன்னேன்?" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "சொல்லியிருந்தா அவன் இங்க வந்து நின்னிருப்பான். நீங்க என்னைத் தூக்கி ஏத்தியிருப்பீங்க. கேனோட கேனா போய் எங்கம்மா வீட்ல இறங்கியிருப்பேன்."

கோபம் வந்தது. அதைச் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் வைக்கோலைத் தாண்டி நன்றாக முன்னே போய்விட்டாள். முட்டி வலிக்கிறவள் ஓட்டுவதுபோல் இல்லை; மிதி சீராக இருந்தது. இருபத்து மூன்று வருடம் கூட இருந்தும், அவள் பின்னால் சைக்கிள் ஓட்டியது அன்றைக்குத்தான்.

புவனகிரி தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது எதிரில் குட்டியானை வந்தது. மச்சான் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தான். ஓரம் கட்டி இறங்கிப் பின்கதவையும் திறந்துவிட்டான். மனைவி மணியை இரண்டு தடவை அடித்துவிட்டு அவனைத் தாண்டிப் போனாள்.

"அக்கா! யக்கா! எங்க போற?"

"வீட்டுக்குடா!"

அவன் என்னைப் பார்த்தான். "என்னா மாமா இது? டீசல் என்ன தண்ணியா?"

"தண்ணி கேன் போடறவன் நீ. உன்னைத்தான் கேக்கணும்" என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் கதவை அறைந்து சாத்தி, பாலத்தின் கோடியில் வண்டியைத் திருப்பி, எங்கள் பின்னாலேயே வந்தான். சிதம்பரம் வரை அவள் வேகத்துக்கு அந்த வண்டி ஊர்ந்தது. பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அவன் கையை வெளியே நீட்டி, "எங்கக்கா போவுது, இரு" என்று கத்தினான். சாலையில் எனக்குத் தெரிந்தவை எதுவும் அன்று அவளுக்குத் தேவைப்படவில்லை. பள்ளங்களை அவளாகவே பார்த்து விலகினாள்.

வடக்கு வீதியில் அம்மா வீட்டு வாசலில் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டுத்தான் முட்டியைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் கதவைத் திறந்து, "பஸ் கெடைக்கலையாடி?" என்றார்.  அவள் படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் அண்ணாந்து குடித்தாள்.

மத்தியானம் அவள் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தேன். வீக்கம் இல்லை. இரண்டு பக்கமும் அழுத்தி, மடக்கி நீட்டிப் பார்த்தேன். "என்ன, ஆடிட் முடிஞ்சுதா?" என்று கேட்டாள். இன்னொரு தடவை ஒத்தடம் வைத்தேன். அவள் தூங்கிவிட்டாள். சாயங்காலம் மச்சான், காலையில் கடலூர் கிளம்பும்போது திரும்பவும் அக்காவோடு வாதாட முடியாது என்று சொல்லி, இரண்டு சைக்கிள்களையும் வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டான். நான் தடுக்கவில்லை. அவளும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கயிற்றை அவிழ்த்து சைக்கிள்களைக் கீழே இறக்கினேன். அவளுடையதை முதலில்.