கடைசிப் பக்கம் கிழிந்த புத்தகம்

நேற்று பழைய புத்தகக் கடையில் அந்துருண்டை வாசனையோடு சின்ன வயதில் படித்த குறும்புக்காரப் பையனின் கதைப் புத்தகம் கையில் கிடைத்ததும், இன்று செல்போன் கடையாகிவிட்ட சேலையூர் வாடகை நூலகமும், மின்விசிறிக் காற்றில் படபடக்கும் பிரவுன் அட்டைகளும், சில்லென்ற சிமெண்ட் தரையில் குப்புறப் படுத்துப் படித்த மத்தியானங்களும் திரும்பி வந்தன. அந்த நூலகப் பிரதியில் கடைசிப் பக்கம் கிழிந்திருந்ததால், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு நூலகம் நடத்திய ஸ்டெல்லா அக்கா வாயாலேயே முடிவு சொல்வார், ஆளுக்கொன்றாக. கதையில் பையனின் அப்பா கப்பலில் போயிருந்தார். என் அப்பா மஸ்கட்டில்.

"அவங்கப்பா சாயந்தர டிரெயின்ல தாம்பரத்துல வந்து எறங்கிட்டாரும்மா" என்றார் ஸ்டெல்லா அக்கா என்னிடம்.

நேற்று வாங்கிய பிரதியில் கடைசிப் பக்கம் இருக்கிறது. அதில் பையனின் அப்பா வரவில்லை. என் மகளுக்கு வாசித்தபோது அவரைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டேன்.