மின்னலக்கா பார்த்த ஒரே துளி

அச்சு இயந்திரத்துக்கு மை பீய்ச்சும் மைத்தலை செய்யும் தொழிற்சாலையில் அவளை மின்னலக்கா என்பார்கள். தலைமுடியை விட மெல்லிய துவாரத்திலிருந்து பாயும் மைத்துளியைப் படம் பிடிப்பது அவள் வேலை. அந்த வேகம் சாதாரணக் கேமராவுக்குப் பிடிபடாது. அதனால் இருட்டறையில் லேசர் ஒளியைத் துண்டு துண்டாக வெட்டி அடிப்பார்கள். கண் இமைக்கும் நேரத்தில் கோடித் துண்டுகளை அடுக்கிவிடலாம், அவ்வளவு சின்னத் துண்டு. அந்த வெளிச்சத்தில் துளி அசையாமல் நின்றுவிடும். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் உள்ளே வரக்கூடாது. அணைந்த பிறகும் யாரும் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டிலும் அதே கதைதான். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். ஞாயிறு காலையில் மகள் வீடியோவில் வருவாள். அதற்காக இவள் தலைவாரி, நல்ல துணி உடுத்தி, திரையில் தெரியும் மூலையை மட்டும் ஒழுங்குபடுத்தி வைப்பாள். மகள் சிரித்தபடி, நான் நல்லா இருக்கேன்மா என்பாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இந்த மகராசி மீதி நாட்களை ஓட்டினாள். அது பொய்யென்றால் அவள் கையில் வேறெதுவும் மிச்சமில்லை.

இந்த நிலையில், எழுத்தைச் சுற்றி மை தெறிக்கிறது என்று வாங்கியவர்களிடமிருந்து புகார் வந்தது. மேலாளர் குதியோ குதியென்று குதித்தார். என் துளி முத்து மாதிரி இருக்கிறது, கோளாறு வேறெங்கோ என்று மின்னலக்கா அடித்துப் பேசினாள். கடைசியில் பொறியாளர் அம்மாவே இருட்டறைக்கு வந்தார்.

“கோவிச்சுக்காதீங்க. துளி கெளம்பினதும் எவ்வளவு நேரம் கழிச்சு வெளிச்சம் அடிக்கணும்னு ஒரு கணக்கு இருக்குமே, அதை மாத்திப் பாத்தீங்களா?”

மாற்றவே இல்லை. துளி அழகாக உருண்டு தலைநீட்டும் கணத்தை முதல் நாளே பிடித்து, அங்கேயே நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு மின்னலிலும் வருவது புதுத் துளி. ஆனால் எல்லாமே அதே கணத்தில் அகப்பட்டதால், திரையில் ஒரே துளி நிற்பதுபோல் இருந்தது. அவளும் அதை நம்பிவிட்டாள், பாவம்.

அந்த நேரத்தை மாற்றும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். உருண்டைக்குப் பின்னால் வால் நீண்டது, இழையாகி அறுந்தது, பொடிப் பொடியாகப் பக்கவாட்டில் சிதறியது.

“இது தினமும் நடந்துச்சா?”

“தினமும்தான்” என்றார் பொறியாளர்.

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைத் திரையில் சிரிக்கும் மகள் நினைவுக்கு வந்தாள். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, நடைபாதைச் சுவரில் சாய்ந்தபடி மகளை அழைத்தாள். அன்று புதன்கிழமை. மணி அடித்துக்கொண்டே இருந்து, நின்றுபோகும் நேரத்தில்தான் மகள் எடுத்தாள்.

“என்னம்மா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே.”

“இல்லதான். எப்படி இருக்கே?”

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“ஞாயித்துக்கிழமைன்னா நல்லா இருக்கேன்னு சொல்லிடுவேம்மா” என்றாள் மகள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள், “நீ எப்படிம்மா இருக்கே?”

நல்லா இருக்கேன் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள்.

“தனியா இருக்கேன்டி” என்றாள்.