குறிஞ்சாச் சாறும் மண்ணாய்ப் போன கருப்பட்டியும்

தன்னாமுனையில் நல்லரத்தினம் அண்ணனைப் போலக் கசப்புக்குப் பயந்த மனுசனை நான் கண்டதில்லை. முதலை கிடக்கும் என்று தெரிந்தும் வாவியில் இறங்கி வலை இழுத்தவர், வீட்டில் பாகற்காய்க் கறி என்றால் அந்த வேளை பட்டினி கிடப்பார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டுக்குள் அவருடைய இரண்டு கண்ணையும் வெண்படலம் மூடிவிட்டது. வலையை மனைவி இலட்சுமிப்பிள்ளை அக்கா எடுத்துக்கொண்டார். காலையில் தனியாகத் தோணி வலித்துப் போவார். மத்தியானம் வந்து புருசனைக் கைபிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போவார். இப்படி இரண்டு வருசம்.

அப்போதுதான் வெளிநாட்டுக் கண் வைத்தியர்கள் ஒரு கிழமைக்கு மட்டக்களப்புக்கு வருகிறார்கள் என்று கதை அடிபட்டது. சத்திரசிகிச்சைக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஆனால் சீனி வருத்தக்காரர், சலத்தில், அதாவது சிறுநீரில், சீனி இல்லை என்று துண்டு கொண்டுபோக வேண்டும். நல்லரத்தினம் அண்ணனுக்குச் சீனி பத்து வருசமாக இருந்தது. துண்டு எழுதுகிறவன் நான். ஊர் மருந்தகத்தில் எனக்கு வேலை.

கையில் இருபது நாள். சண்டையில் ஆமிக்காரர் பாதை பூட்டினால் மருந்து வராது. வந்த குளிசையை ஆளுக்குப் பாதியாக முறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னை நம்பி இருக்கவில்லை. வேலியில் படர்ந்திருந்த குறிஞ்சா இலையைப் பிடுங்கி, உரலில் இடித்து, சீலைத் துணியில் பிழிந்து, ஒவ்வொரு நாள் விடியலிலும் ஒரு கோப்பைச் சாறு கொடுத்தார். பாதிக் குளிசையை நிறுத்தாமல் இதையும் குடிக்கட்டும் என்று நானும் தலையாட்டினேன்.

மூன்று நாளுக்கு ஒருமுறை போத்தலில் சலம் வரும். முதல் நாள் சென்றிக் காவலரணில் நின்ற சிப்பாய் சந்தேகப்பட்டு மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். அதற்குப் பிறகு அக்காவைத் தூரத்தில் கண்டாலே போகச் சொல்லிக் கைகாட்டுவான்.

நான் அந்தச் சலத்தை நீலக் கரைசலோடு குழாயில் விட்டுச் சூடாக்குவேன். நீலம் மாறாவிட்டால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கட்டி நிறத்துக்கு வந்தால் சீனி தலைக்கு மேல். மூன்றாம் நாளும் செங்கட்டி, ஆறாம் நாளும் செங்கட்டி, பதினைந்தாம் நாளும் அதே செங்கட்டி. எனக்கு விசர் வந்தது. கள்ளத் தீன் தின்கிறாரா என்று கேட்டேன். தேத்தண்ணிக்குக்கூடச் சீனி போடுவதில்லை என்று அக்கா கண்ணகை அம்மன் மேல் சத்தியம் பண்ணினார். அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் சண்டை. ஏறாவூரிலிருந்து சைக்கிளில் சாமான் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி அசனார் காக்காவை நல்லரத்தினம் அண்ணன் பிடித்துக்கொண்டிருந்தார்.

“காக்கா, நீ தாற கருப்பட்டி முழுக்க மண். எவ்வளவு கடிச்சாலும் இனிக்குதில்ல.”

அசனார் காக்காவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. தன் பெட்டியிலிருந்து ஒரு துண்டைக் கடித்துக் காட்டி, தேன் மாதிரி இருக்கிறது என்றார். சாற்றைக் குடித்துவிட்டுக் கடித்துப் பார் என்று அண்ணன் கோப்பையை நீட்டினார். காக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு இழுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி கடித்தார். சப்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“அண்ணன், இது மண்தான்” என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. குறிஞ்சா இலை நாக்கில் பட்டால் கொஞ்ச நேரத்துக்கு இனிப்புத் தெரியாது. படித்ததுதான், பாழாய்ப்போன புத்திக்கு வரவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு கடிக்கிறீர்கள் என்று கேட்டேன். இனிக்கும் வரைக்கும் கடிப்பாராம். ஒரு கட்டி, சில நாள் இரண்டு.

“ஏன் அண்ணன் சொல்லல்ல?”

“மருந்துக்குக் கடிக்கிறது சாப்பாட்டில சேருமா தம்பி?”

எங்கள் பக்கத்தில் எந்தக் கசப்பையும் கருப்பட்டி கடித்துத்தான் குடிப்பது. சாறோடு அதையும் தட்டில் வைத்துக் கொடுத்தவர் அக்காவேதான். கேட்க வேண்டிய நானும் கேட்கவில்லை.

ஐந்து நாள் மிச்சம். அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெறுஞ்சாறு குடித்தார். குடித்துவிட்டு எங்கள் எல்லோருக்கும் ஏசினார். நான் தினமும் குழாயைச் சூடாக்கினேன். செங்கட்டி மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. கடைசிக் காலை அக்காவும் நானும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். கரைசல் கொதித்தது. நீலம் நீலமாகவே இருந்தது. சந்தோசத்தில் துண்டில் பெயரைப் பிழையாக எழுதி, கிழித்து, திரும்ப எழுதினேன். சாறு இறக்கியதா, கருப்பட்டி நின்றதால் இறங்கியதா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணின் கட்டு அவிழ்த்த அன்று நானும் போயிருந்தேன். அண்ணன் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீர்க் கோப்பையை நீட்டிய கையைப் பார்த்தார். வலைக் கயிறு அறுத்த தழும்பு விரலுக்கு விரல் கிடந்தது.

“இது உன்ட கையா கா?” என்று மனைவியிடம் கேட்டார்.

அக்கா கையைச் சேலைக்குள் இழுத்தார். அண்ணன் விடவில்லை. இனி வாவிக்குத் தான்தான் போவதாகச் சொன்னார். ஒரு மாதம் கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று தாதி அதட்டினாள். அவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் அந்தக் கையைப் பிடித்து, பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து, அக்காவை அவரே கூட்டிக்கொண்டு நடந்தார்.