அம்மாவுக்குப் புரிந்த ஞாயிறு

என்னைப் பேச விட்ட சபைக்கு நன்றி. அழாமல் முடிக்கப் பார்க்கிறேன்.

நான் வண்டிப்பெரியார் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுக்கிறார்கள். ஞாயிறுதோறும் இந்தச் சபையில் வேதபாடம் வாசித்தவள் நான்தான். எங்கள் வீட்டு டிபன் பாக்ஸ் எல்லாம் வேத வசனப் போட்டியில் நான் பரிசாக வாங்கியவை. ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பேன். அந்தத் தலைக்கனமும் எனக்கு நிறையவே இருந்தது.

போன வருஷம் கோட்டயத்தில் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். மலையாளம் பேசிச் சமாளிப்பேன். ஆனால் புத்தகம் முழுக்க இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் படித்தேன். சத்தமாக வாசித்து மனப்பாடம் செய்தேன்.

ஆகஸ்டில் செமினார். நான்கு பக்கத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். டீச்சர் கோபப்படவில்லை. இதையே உன் சொந்த வார்த்தையில் சொல்லு என்றார். வேறு வழி தெரியாமல் முதல் வரியிலிருந்து மறுபடி ஒப்பிக்க ஆரம்பித்தேன். வகுப்பே சிரித்தது. அன்று முதல் ஹாஸ்டலில் என் பெயர் 'ஸ்பீக்கர்'.

அதன்பின் புத்தகத்தைத் திறக்கவே பயந்தேன். வேதத்தையும் திறக்கவில்லை. வாசிக்கிற பிள்ளை என்றுதான் ஊரில் என்னைச் சொல்வார்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் நான் யார்? போனில் அம்மாவிடம் நன்றாகப் படிக்கிறேன் என்று பொய் சொன்னேன். நான் செய்த ஜெபமும் லட்சணமான ஜெபம் இல்லை. காய்ச்சலாவது கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பும் என்றுதான் கேட்டேன். காய்ச்சல் கூட வரவில்லை.

ஓணம் லீவுக்கு வந்ததும் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். டி.சி. வாங்கிவிட்டு உங்களோடு கொழுந்துக்கு வருகிறேன் என்றேன்.

"ஏட்டி, நான் கைநாட்டு. வாசிக்கது கஷ்டமா லேசான்னு எனக்கு என்ன தெரியும்? ஞாயித்துக்கிழம போட்டும், பொறவு பாப்போம்" என்றார்கள்.

அந்த ஞாயிறு உங்களில் பலர் இங்கே இருந்தீர்கள். மலையாளத்தில் பிரசங்கிக்க வெளியூர்ப் போதகர் வந்திருந்தார். அதைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்கிற அண்ணன் மழையில் வழியில் மாட்டிக்கொண்டார். நம் போதகர் என்னைக் கைகாட்டினார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். படிப்பு வரவில்லை என்று ஓடி வந்தவளை மேடையில் ஏற்றுகிறீரே ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டே போனேன்.

வெளியூர்ப் போதகரின் முதல் வாக்கியம் நீளமாக இருந்தது. வழக்கம்போல வார்த்தை வார்த்தையாகப் பிடிக்கப் பார்த்தேன். பாதியிலேயே எல்லாம் போய்விட்டது. நிமிர்ந்தால் எதிரே அம்மா. முகத்தில் பயமில்லை, நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். அம்மாவுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் என் சொந்த வார்த்தையில் இரண்டு வரியில் சொன்னேன். போதகர் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

நடுவில் அவர் ஒன்று சொன்னார். ஜெபத்துக்குப் பதில் இல்லையே என்று கோபமாக இருக்கிறாயா, அந்தக் கோபத்தையும் கடவுளிடமே கொண்டு போ என்றார். அதை என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா சொன்னார்கள்: "ஏழு வருசமா சபையில வாசிக்கே. ஒரு தப்பு வராது. இன்னைக்குத்தாம்ட்டி எனக்கு வெளங்குச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை வருஷம் நான் வாசித்தது யாருக்காக?

டி.சி. வாங்கவில்லை, திரும்பிப் போனேன். ஒரு பத்தியை வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, அம்மாவுக்குப் போன் செய்து தமிழில் சொன்னேன். முதல் நாள் விலைவாசி பற்றிச் சொன்னேன். "அப்போ கூலி கூடுனா எங்களுக்கு லாபமா, நட்டமா?" என்று கேட்டார்கள். பதிலைத் தெரிந்துகொள்ளப் புத்தகத்தை மறுபடி திறந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் போய்விட்டது. மற்றவர்கள் பத்துப் பக்கம் வாசிக்கும் நேரத்தில் நான் ஒரு பக்கம் வாசிக்கிறேன். சில நாள் இன்னும் அழுகிறேன். ஆனாலும் காய்ச்சல் கேட்டவளுக்குக் கர்த்தர் அந்த ஞாயிற்றைக் கொடுத்தார். அதற்கு எப்படி நன்றி சொல்வேன்?

பிள்ளையைத் தூரத்துக்குப் படிக்க அனுப்பியவர்களே, மார்க்கை அப்புறம் கேளுங்கள். இன்று என்ன வாசித்தாய், எனக்குச் சொல்லு என்று கேளுங்கள். ஜெபிக்க நல்ல வார்த்தை வராவிட்டால் என்னைப்போலக் கோபத்தோடாவது அவரிடம் போங்கள், அவர் கேட்கிறார்.

அம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். நான் சொன்னது விளங்கியதா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.