கிளட்ச் அக்காவின் கட்சி

வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அக்கா குனிந்து அடியில் பார்க்கிறார். முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை. முழங்காலில் கையை ஊன்றி, முனகிக்கொண்டே நிமிர்ந்து, "யாரும் இல்லை, ஏறுங்க" என்கிறார். நிழலுக்கு ஒதுங்கிய நாயோ, என்ஜின் சூட்டுக்குச் சுருண்ட பூனையோ எப்போதாவது இருக்கும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாததைப் பார்க்கவா தினமும் இத்தனை தடவை குனிகிறீர்கள் என்று முதல் நாள் கேட்டேன். "இல்லைன்னு தெரிஞ்சா எதுக்குக் குனியறேன்? தெரியாததாலதான் குனியறேன்" என்றார். முதல் நாளே வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

நான் ஐம்பது தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவன். என் மனைவி இவரிடம்தான் கற்றுக்கொண்டாள். இப்போது அவள் ஓட்டும்போது, பக்கத்தில் உட்கார்ந்து நான் மூச்சு விடுகிற சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்கிறாள். ரோஷம் வந்து நானும் சேர்ந்தேன். பயிற்சிப் பள்ளி என்பது ஒரு தகரக் கொட்டகை, இரண்டு கார், ஒரு முதலாளி. சொல்லித்தர வேறு ஆட்கள் இருந்தாலும் புதிதாக வருகிறவர்கள் கேட்பது இவரைத்தான். வாய்க்கு வாய் "கிளட்ச், கிளட்ச்" என்பதால் கிளட்ச் அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், அதனால் எனக்கும் அக்காதான்.

ஆண்கள் போடுகிற மாதிரி இரண்டு பை வைத்த தளர்வான பருத்திச் சட்டை. ஒரு பையில் போன், இன்னொன்றில் கிராம்பு. கிராம்பை மெல்லுவதில்லை, கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறார். ஓட்டுகிறவர் ஏதாவது விபரீதமாகச் செய்தால்தான் கடிக்கிறார். என் முதல் வாரத்தில் நிறைய கிராம்பு செலவாயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உட்காருகிறார். அவர் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு, நாம் ஏடாகூடம் செய்தால் மிதிப்பதற்கு. ஆனால் லேசில் மிதிக்க மாட்டார். "நான் மிதிச்சுக்கிட்டே இருந்தா நீங்க எப்பக் கத்துக்கறது?" என்பது அவர் கொள்கை. தப்பு என்ற சொல் அவர் வாயில் வருவதில்லை. "இன்னொரு தடவை" என்பார். குறுக்கே பாய்கிற சைக்கிள்காரனைக்கூடத் திட்டுவதில்லை. "போ ராசா, உனக்குத்தான் அவசரம்" என்று வழி விடச் சொல்வார். பயப்படுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம், பயமே இல்லாமல் வருகிறவர்களைக் கண்டால்தான் தனக்குப் பயம் என்பார். அந்த வகையில் நான் அவருக்குப் பிடித்த மாணவன்.

நாங்கள் முறை வைத்து ஓட்டுவோம். ஒருவர் ஓட்டும்போது அடுத்தவர் பின் இருக்கையில். எனக்கு அடுத்தவள் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ், முப்பதைத் தொடாத பெண். கெட்டிக்காரி; வாயும் கெட்டி. அக்கா அவளைப் பாப்பா என்பார். ஒருநாள் அவள் தாமதமாக வந்தாள். கருக்கலைப்புக்கு வந்த ஒரு பெண் பயத்தில் கையை விடவில்லை, கூட இருந்துவிட்டு வந்தேன் என்றாள். கூட இருந்தது ரொம்ப நல்லது என்றார் அக்கா. கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆனா அது கூடாது பாப்பா. உள்ள இருக்கறது ஒரு ஆளு" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு பல வாரம் கியர் மாற்றுகிற இடைவெளியில் எல்லாம் இந்த வழக்குத்தான். கடவுள், பாவம் என்று அக்கா ஒரு தடவைகூடப் பேசவில்லை. ஆரம்பத்தில் அது கடுகளவு, வலி தெரியாது, நினைப்புக் கிடையாது, அதைப் போய் எப்படி ஆள் என்பது என்று நர்ஸ் கேட்டாள். மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்தவருக்கும் வலி இல்லை, நினைப்பு இல்லை, அந்த நேரத்துக்கு அவர் ஆள் இல்லையா என்றார் அக்கா. அவர் ஏற்கெனவே வாழ்ந்தவர், திரும்ப எழுந்துகொள்வார் என்றாள் நர்ஸ். விட்டால் இதுவும் எழுந்துகொள்ளும், கொஞ்சம் நாளாகும் என்றார் அக்கா. "உங்கம்மா வயித்துல இருந்தது வேற யாரோவா? அவங்க போயிட்டு அப்புறம் நீ வந்தியா? நீயேதானே இருந்தே. அப்பக் கை வெச்சிருந்தா உன்மேலதான் பட்டிருக்கும்."

தாயை விட்டுத் தனியாக உயிர் வாழ முடியாதே என்றாள் நர்ஸ். அக்கா என்னைப் பார்த்தபடி, தனியாக ஓட்டத் தெரியாதவர்களைத்தானே தினமும் வண்டியில் ஏற்றுகிறேன் என்றார். நான் சாலையைப் பார்த்தேன். சரி, அது ஆளா இல்லையா என்று யாருக்குமே நிச்சயமில்லை, அப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் இறங்கி வந்தாள். அதற்கு அக்கா, காலையில் வண்டிக்கு அடியில் எதற்குக் குனிந்தேன் என்று மட்டும் கேட்டார்.

நர்ஸ் லேசுப்பட்டவள் இல்லை. உடம்பு யாருடையது என்று கேட்டாள். கேட்காமல் ஒருவன் ஏறி உட்கார்ந்துகொண்டால் இறக்கிவிட வண்டிக்காரிக்கு உரிமை இல்லையா? என் கட்சியும் அதுதான். பெண்ணின் உடம்பு, பெண்ணின் முடிவு, இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தவன் நான். அக்கா முதலில் என்னை ஒரு சிக்னலைத் தாண்ட வைத்தார். பிறகு சொன்னார்: "உரிமை இருக்கு. ஆனா ஓடற வண்டியில இருந்து தள்ளிவிட முடியுமா? நிறுத்தற இடம் வர்ற வரைக்கும் கூட்டிட்டுத்தான் போகணும். அவன் ஏறினது நமக்குப் பிடிக்கலைன்னாலும்."

இந்தப் பதில் என்னை இன்றுவரை தொந்தரவு செய்கிறது. நான் கட்சி மாறிவிடவில்லை, ஆனால் பழைய இடத்தில் சவுகரியமாக உட்காரவும் முடியவில்லை. வண்டியும் உடம்பும் ஒன்றா, வண்டிக்கு இடுப்பு வலிக்குமா, வாந்தி வருமா என்றாள் நர்ஸ். அதுவும் சரிதான். "நீங்க என்ன சொல்றீங்க சார்?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் கிளட்சை விட்ட விதத்தில் நட்டநடுச் சாலையில் வண்டி நின்றுபோயிற்று. வேண்டுமென்றே செய்தேன் என்றுதான் அக்கா இன்னமும் நம்புகிறார்.

அவர் இறங்கி வந்த இடங்களும் உண்டு. தாய் உயிருக்கே ஆபத்து என்றால் பேச்சே இல்லை, வண்டி கவிழப்போகும்போது யாரைக் காப்பாற்ற முடியுமோ அவரைக் காப்பாற்ற வேண்டியதுதான் என்றார். ஒருநாள் நர்ஸ், யாருக்கும் தெரியாமல் எதையோ விழுங்கிவிட்டுப் பாதி உயிராக ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களைப் பற்றிச் சொன்னாள். சட்டம் போட்டுக் கதவை மூடினால் இவர்கள் எங்கே போய்ச் சாவார்கள் என்று கேட்டாள். அக்கா கிராம்பைக் கடித்தார். போலீஸைக் கூப்பிடு என்று நான் சொல்லவில்லை, எது சரி என்றுதான் பேசுகிறேன் என்றார்.

"பேசலாம்க்கா. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்" என்றாள் நர்ஸ்.

"வந்திருக்கு பாப்பா" என்றார் அக்கா.

அவருக்கு ஒரே மகள். ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. மருமகன் சரக்குக் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில் இருப்பவர். பிள்ளைகள் இரண்டு. பெரியது பள்ளிக்கூடம் போகிறது, சின்னது இன்னும் ராத்திரி முழுக்கத் தூங்குவதில்லை. இப்போது மூன்றாவது உண்டாகியிருக்கிறது. வேண்டாம் என்று மகள் முடிவு செய்து, வருகிற புதன்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் நேரமும் வாங்கிவிட்டாள். கணவர் கப்பலில் இருந்து பேசும்போது "உன் இஷ்டம்" என்றாராம். "உன் இஷ்டம்னா உன் பாடுன்னு அர்த்தம்மா" என்று மகள் இவரிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பழமொழியைத் திரும்ப விழுங்க முடிந்திருந்தால் நர்ஸ் விழுங்கியிருப்பாள்.

எங்களிடம் சொன்ன நியாயங்களை எல்லாம் அக்கா மகளிடமும் சொல்லியிருக்கிறார். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீ சொல்வது சரியாகவே இருக்கட்டும், ராத்திரி எழுந்திருப்பது யார் என்றாளாம். நான் வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கிறேன் என்றதற்குச் சிரித்தாளாம். சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. அக்காவின் கணவர் விட்டுவிட்டுப் போனபோது அந்த மகள் மூன்று வயதுக் குழந்தை. அக்கா ரொட்டித் தொழிற்சாலை வேனை ஓட்டிப் பிழைத்தார். குழந்தை பக்கத்து வீட்டில் சாப்பிட்டு, பக்கத்து வீட்டில் தூங்கி, பக்கத்து வீட்டு அம்மாவிடம் தலை வாரிக்கொண்டு வளர்ந்தது. அது பிழைப்பு, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நிலைமை தேறிய பிறகும் அக்கா வண்டியை விடவில்லை. பேரப்பிள்ளைகள் பிறந்தபோதும் ஒரு வாரம் இருந்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடி வந்துவிட்டார்.

"எனக்கு ரோடு பிடிக்கும் சார். அதுதான் நிஜம். அது அவளுக்குத் தெரியும்" என்றார். மகள் சொன்னதையும் மறைக்காமல் ஒப்பித்தார்: "ஊருக்குத்தான் உபதேசம் உனக்கு. மூணாம் நாளே ஒரு ஹாரன் சத்தம் கேட்டா ஓடிடுவே. எனக்குத் தெரியாதாம்மா?"

சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. நான்தான் கியர் மாற்ற மறந்து முதல் கியரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். "ரெண்டாவது கியர் போடுங்க" என்றார்.

திங்கட்கிழமை நான் கொட்டகைக்குப் போனபோது அவர் முதலாளியின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நாளையோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி காலில் விழாத குறை. அரை நாள் வந்தால் போதும், புது கார் வாங்கித் தருகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அக்கா அசையவில்லை.

வண்டி கிளம்பிய பிறகு, மகள் மனசு மாறிவிட்டாளா என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றார் அக்கா. அப்படியானால் புதன்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் இவர் வேலையை விட்டது வீண்தானே? எனக்கும் அதே கேள்விதான். அக்காவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

"போனாலும் வீட்ல ரெண்டு இருக்குதே. அவளுக்கும் உடம்பு தேறணும். கலைக்க வேணாம்னு சொன்னவதானே தோள் கொடுக்கணும்? சொல்லிட்டு நான் பாட்டுக்கு வண்டி ஓட்டப் போயிட்டா அப்புறம் எனக்கு என்ன பேச்சு?"

செவ்வாய்க்கிழமை நான் இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்து நிறுத்தப் பழகிக்கொண்டிருந்தேன். பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்போது அக்காவின் போன் அடித்தது. மகள்தான். அக்கா பக்கம் இருந்து வந்ததெல்லாம் "ம்", "யாரு சொன்னது?", "ஆமா, சொல்லிட்டேன்". அவ்வளவுதான். நான் பிரேக்கில் வைத்த காலை எடுக்கவில்லை.

நடந்தது இது. முதலாளி முந்தின நாள் சாயங்காலம் மகளுக்குப் போன் செய்திருக்கிறார். உங்கம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது, பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறேன் என்று நல்ல வேலையை உதறிவிட்டு நிற்கிறாள், நீயாவது எடுத்துச் சொல்லம்மா என்று கெஞ்சியிருக்கிறார். பாவம், அக்காவைத் தக்கவைக்கத்தான் அவர் கூப்பிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அம்மா சொன்னதை நம்பாத மகள், முதலாளி புலம்பியதை நம்பிவிட்டாள்.

"நிஜமாவே வேலையை விட்டுட்டியான்னு கேக்கறா" என்றார் அக்கா. "நாளைக்குப் போகலையாம். நான் பேசின நியாயத்துக்காக இல்லைங்கறா. அதையும் சொல்லிட்டுத்தான் போனை வெச்சா."

நர்ஸ் பின்னால் இருந்து அவர் தோளில் கை வைத்தாள். அவள் தன் கட்சியை விட்டுவிடவில்லை. வேலையை விட்டுவிட்டு வர எல்லாருக்கும் ஓர் அம்மா இருப்பதில்லை சார் என்று அப்புறம் என்னிடம் சொன்னாள். ஆனால் அப்போது அக்காவிடம் சொன்னது வேறு. "நாளைக்கு எங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்கக்கா. நல்ல டாக்டரம்மா ஒருத்தர் இருக்காங்க, நானே கூட வந்து காட்டறேன். முதல்ல ரத்தம் பார்த்து சத்து மாத்திரை எழுதி வாங்கணும்."

அக்கா தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் முன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். லாரி ஒன்று போயிற்று, பள்ளிக்கூட பஸ் ஒன்று போயிற்று. முகத்தில் சந்தோஷம் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. இனி சொன்ன சொல்லில் இருந்து தப்ப வழி இல்லை என்பதும் இருந்தது. பிறகு, "சார், நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்று இறங்கினார்.

இத்தனை மாதத்தில் அவர் ஸ்டியரிங் பிடித்து நான் பார்த்ததில்லை. இருக்கையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டார். வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. நான் அரை மணியாக மல்லுக்கட்டிய இடத்தில் இருந்து ஒரே வளைவில் வெளியே வந்துவிட்டது. கடைத்தெரு போயிற்று, பெட்ரோல் பங்க் போயிற்று, கொட்டகைக்குத் திரும்புகிற முனை வந்தது. அக்கா வேகத்தைக் குறைத்து இண்டிகேட்டரைப் போட்டார். அது டிக் டிக்கென்று கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு, "இன்னொரு தடவை சுத்திட்டு வந்துடலாம்" என்று ஒரு விரலால் அதை அணைத்துவிட்டு நேராகப் போனார்.